அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கைகளில் பத்துப் பதினைந்தை எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். வண்டி எண் வேறு, ஊர் வேறு, இறந்தவர் பெயர் வேறு. ஒரு தொடர் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்’. எழுதுகிற காவலருக்குக் கை பழகிப்போன தொடர் அது. புகார் கொடுக்க வந்தவர் அந்த வார்த்தைகளைச் சொல்லியிருக்க மாட்டார். “அந்த வண்டிக்காரன் அடிச்சிட்டான் சார்” என்று அழுதிருப்பார். அந்த அழுகைதான் எழுத்தில் இப்படி ஏறுகிறது.

சில வருடங்கள் கழித்து அதே தொடர் நீதிமன்றத்துக்கு வருகிறது. கூண்டில் ஒரு சாட்சி. எதிரே ஓட்டுநரின் வழக்கறிஞர்.

“வண்டி என்ன வேகத்துல வந்துச்சு?”

“ரொம்ப வேகமா வந்துச்சுங்க.”

“நீங்க டீக்கடைக்குள்ளதானே இருந்தீங்க?”

“ஆமாங்க.”

“சத்தம் கேட்டுத்தானே வெளிய வந்தீங்க?”

“ஆமாங்க.”

“அப்ப வண்டி வந்ததை நீங்க பார்க்கலை. அடிபட்டுக் கிடந்தவரைத்தான் பார்த்தீங்க.”

பெயரும் ஊரும் மாறி எத்தனையோ நீதிமன்றங்களில் நடக்கிற உரையாடல் இது. நான்கு கேள்விகளில் வழக்கின் முதுகெலும்பு உடைந்துவிடும். அதன்பிறகு தண்டனை இரண்டு ஆண்டா, ஐந்து ஆண்டா, பத்து ஆண்டா என்று பேச ஒன்றும் மிஞ்சாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். பெரிய விபத்து ஒன்று செய்தியாகும்போதெல்லாம் தண்டனையைக் கடுமையாக்கு என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் தீர்ப்புகளைத் தொடர்ந்து படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. தண்டனையின் அளவைச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் எண்ணைவிட, மோதல் நடந்த முதல் சில மணி நேரத்தில் சாலையில் எது பதிவாகிறது, எது பதிவாகாமல் போகிறது என்பதே அதிகம் முடிவுசெய்கிறது.

சட்டத்தின் படிக்கட்டைப் பார்ப்போம். 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்குத் தனிப் பிரிவு கிடையாது. 1837இல் மெக்காலே எழுதிய வரைவில் இருந்தது, சட்டமானபோது விடுபட்டுப்போனது. 1870இல் 304ஏ என்று அதைச் சேர்த்தார்கள். அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அன்று தெருவில் ஓடியவை மாட்டு வண்டியும் குதிரை வண்டியும். லாரியும் ஆம்னி பஸ்ஸும் நான்குவழிச் சாலையும் வந்த பிறகும் அந்த இரண்டு ஆண்டு அசையவில்லை. 2009இல் சட்ட ஆணையம் தன் 234ஆவது அறிக்கையில் உயர்த்தச் சொன்னது. 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோதுதான் அது மாறியது. இப்போது பிரிவு 106(1): ஐந்து ஆண்டு வரை சிறை, அதோடு அபராதமும்.

அதற்குக் கீழே சிறிய படிகள் உண்டு. யாருக்கும் அடிபடாவிட்டாலும் பொதுச் சாலையில் உயிருக்கு ஆபத்தான விதத்தில் ஓட்டினால் பிரிவு 281, ஆறு மாதம் வரை. கொடுங்காயம் என்றால் பிரிவு 125(பி), மூன்று ஆண்டு வரை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு தனி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிக்னலைத் தாண்டுவதும் கையில் செல்போன் பிடித்து ஓட்டுவதும் ஆபத்தாக ஓட்டுவதில் சேரும். குடித்துவிட்டு ஓட்டினால் 185: நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

மேலே இருப்பது பெரிய படி. கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல். பழைய சட்டத்தில் 304இன் இரண்டாம் பகுதி, புதியதில் 105. பத்து ஆண்டு வரை சிறை. செத்தவர் எத்தனை பேர் என்பதோ வண்டி எவ்வளவு பெரியது என்பதோ இந்தப் படியையும் கவனக்குறைவு மரணம் என்ற கீழ்படியையும் பிரிப்பதில்லை. ஓட்டியவர் மனதில் என்ன இருந்தது என்பதே பிரிக்கிறது. இப்படி ஓட்டினால் ஆள் சாவான் என்று தெரிந்தே ஓட்டினாரா, யோசிக்காமல் ஓட்டினாரா? தெரிந்தே என்றால் மேல்படி. மனிதனின் மனதை யார் பார்த்தார்? சுற்றியிருக்கும் தடயங்களிலிருந்து நீதிமன்றம் அனுமானிக்க வேண்டியதுதான்.

அந்த அனுமானத்துக்கு வேகம் என்ற ஒற்றைச் சொல் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1998இலேயே சொல்லிவிட்டது. கர்நாடகத்திலிருந்து வந்த வழக்கு. லாரி கவிழ்ந்து மரணம் நேர்ந்தது. லாரி அதிவேகமாக வந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள். அதிவேகம் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. ஒருவருக்கு வேகமாகப் படுவது இன்னொருவருக்கு நிதானமாகப் படும். வேகமாக ஓட்டியதாலேயே கவனக்குறைவு என்றாகிவிடாது. அதை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது என்று சொல்லி நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. இந்தத் தீர்ப்பை முதலில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. யோசித்தால் அதன் நியாயம் புரியும். கிரிமினல் வழக்கில் ஊகத்தை வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. நம் காவல் நிலையங்கள்தான் அந்தத் தீர்ப்பைப் படித்த மாதிரி தெரியவில்லை. இன்றும் அதே ‘அதிவேகமாகவும்’.

லைசென்ஸ் விஷயமும் இப்படித்தான். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி ஆள் செத்தால் குற்றம் நிச்சயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1967இல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு ஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முறையான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது தனிக் குற்றம். மரணத்துக்கு அந்த ஓட்டுதலின் கவனக்குறைவே நேரடிக் காரணம் என்று காட்டாவிட்டால் 304ஏ நிற்காது என்றது. ஒருவர் திடீரென்று குறுக்கே ஓடிவந்தால், எவ்வளவு மெதுவாகப் போகிற பஸ் ஓட்டுநராலும் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்று பின்னாளில் சொன்னதும் அதே நீதிமன்றம்.

2000ஆம் ஆண்டை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆந்திரத்தில் பஸ்ஸில் ஏறும்போது ஒரு பயணி விழுந்து இறந்த வழக்கு. பயணி விழுந்தார் என்பதாலேயே ஓட்டுநர் கவனக்குறைவானவர் ஆகிவிட மாட்டார் என்று நீதிபதி கே.டி. தாமஸ் எழுதி ஓட்டுநரை விடுவித்தார். அதே ஆண்டு, அதே நீதிபதி, டல்பீர் சிங் எதிர் ஹரியானா அரசு வழக்கில் நேர் எதிராகத் தோன்றும் ஒன்றை எழுதினார். அந்த வழக்கில் குற்றம் நிரூபணமாகிவிட்டது; ஓட்டுநர் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் தன்னை விடும்படி கேட்டார். தாமஸ் மறுத்தார். வண்டி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர், உயிர்ப்பலி நேர்ந்தாலும் நீதிமன்றம் இரக்கப்பட்டு விட்டுவிடும் என்ற எண்ணத்தோடு ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது, தண்டனையில் அச்சுறுத்தலே முதன்மையாக இருக்க வேண்டும் என்றார். இரண்டு தீர்ப்புக்கும் நடுவே முரண்பாடு இல்லை. நிரூபணத்தில் கறார், நிரூபணமானபின் தண்டனையிலும் கறார். நான் பார்த்த வரையில் இந்தத் துறையில் இவ்வளவு நேரான நிலைப்பாடு வேறில்லை.

மேல்படிக்கு வருவோம். 1999 ஜனவரி 10 அதிகாலை, டெல்லி லோதி காலனி. பி.எம்.டபிள்யூ. கார் ஒன்று ஆறு பேரைக் கொன்றது. மூன்று பேர் போலீஸ்காரர்கள். 2008இல் விசாரணை நீதிமன்றம் மேல்படியில் வைத்து ஐந்து ஆண்டு கொடுத்தது. 2009இல் உயர் நீதிமன்றம் அதைக் கீழ்படிக்கு இறக்கி இரண்டு ஆண்டாக்கியது. 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மறுபடி மேலே ஏற்றியது. ஓட்டியவர் நிறுத்தி உதவாமல் போனதையும் கணக்கில் எடுத்தது. ஆனால் சிறை மட்டும் ஏற்கெனவே கழித்த இரண்டு ஆண்டோடு போதும் என்றது. கூடவே 50 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும்; அந்தப் பணம் மோதிய வண்டி எதுவென்றே தெரியாத விபத்துகளில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும். இரண்டு ஆண்டு சமூகப் பணியும் செய்ய வேண்டும். குற்றத்தின் பெயர் உயர்ந்தது, சிறைக்காலம் உயரவில்லை. அந்த 50 லட்சத்தை இன்றுவரை என்னால் நிம்மதியாக ஏற்க முடியவில்லை. கூலிக்கு ஓட்டும் ஒரு டிரைவர் அந்தத் தொகைக்கு எங்கே போவார்?

மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலை, 2006 நவம்பர் 12, அதுவும் அதிகாலை. நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மேல் கார் ஏறியது. ஏழு பேர் செத்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். விசாரணை நீதிமன்றம் கீழ்படியில் ஆறு மாதமும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. உயர் நீதிமன்றம் மேல்படிக்கு ஏற்றி மூன்று ஆண்டு. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது, இந்த மூன்று ஆண்டு குற்றத்துக்குப் போதவே போதாது என்று எழுதியது. ஆனால் கூட்டச் சொல்லி அரசு மேல்முறையீடு செய்யவில்லை என்பதால் கூட்டவில்லை. ஏழு பிணங்கள்; குறைவு என்று நீதிமன்றமே சொல்லும் தண்டனை; கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இந்த வழக்கில் மேல்படி நின்றதற்குக் காரணம், ஓட்டியவர் குடித்திருந்தார் என்பது பதிவாகி, நிரூபணமானது. அதே பாந்த்ராவில் 2002 செப்டம்பரில் நடந்த நடிகர் சல்மான் கான் வழக்கை அருகில் வையுங்கள். நடைபாதையில் தூங்கிய ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தார்கள். 2015 மே மாதம் விசாரணை நீதிமன்றம் மேல்படியில் ஐந்து ஆண்டு விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. வண்டியை ஓட்டியது அவர்தான், குடித்திருந்தார் என்ற இரண்டையும் அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை என்றது. ஒரே பேட்டை, ஒரே மாதிரி நடைபாதை, தூங்கியவர்களும் ஒரே மாதிரி ஏழைகள். நீதிமன்றம் ஏற்கும் விதத்தில் காவல் துறையால் எதைக் கொண்டுவர முடிந்தது என்பதே முடிவைப் பிரித்தது.

குடி மட்டும்தான் மேல்படிக்கு வழி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் குடி இல்லாதபோது நீதிமன்றங்கள் ஏறத் தயங்குகின்றன. கேரளத்தில் மாணவர்கள் சாலையைக் கடக்கும்போது பஸ் மோதி ஒரு சிறுவன் இறந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் ஓட்டுநரை எச்சரித்திருந்தார்கள். அப்படியும் உச்ச நீதிமன்றம் 2007இல் அந்த வழக்கை மேல்படியிலிருந்து 304ஏவுக்கு இறக்கியது. எச்சரிக்கையைக் காதில் வாங்காமல் ஓட்டுவது ‘தெரிந்தே’ என்பதற்கு மிக அருகில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

குற்றம் உறுதியான பிறகு தண்டனையை எப்படி அளக்கிறார்கள்? இங்கிலாந்தில் இதற்கென்று எழுதப்பட்ட தண்டனை வழிகாட்டு நெறிகள் உண்டு. எந்த அளவுக் குற்றத்துக்கு எங்கிருந்து தொடங்குவது, எது கூட்டும், எது குறைக்கும் என்று. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. வயது, குடும்பம், முதல் குற்றம், வழக்கு இழுத்த வருடங்கள், கட்டிய இழப்பீடு என்று ஒவ்வொரு நீதிபதியும் தன் தராசில் வைக்கிறார். பஞ்சாபில் 2007இல் இரண்டு பேரைக் கொன்ற கார் வழக்கில் விசாரணை நீதிமன்றம் விதித்தது ஓராண்டு. 85,000 ரூபாய் இழப்பீடு கொடுத்ததைச் சொல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கெனவே கழித்த 24 நாளாகக் குறைத்தது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த இரக்கத்தைக் கண்டித்து ஆறு மாதமாக்கியது. நீதிபதி தீபக் மிஸ்ரா, இந்தப் பிரிவின் தண்டனையை நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் எழுதினார். ஓராண்டு, 24 நாள், ஆறு மாதம்: ஒரே வழக்கு, ஒரே உண்மைகள்.

இழப்பீட்டைப் பற்றி ஒரு குழப்பம் நம் ஊர்களில் உண்டு. “இன்சூரன்ஸ் பணம்தான் வந்திருச்சே, இனி கோர்ட்டுக்கு எதுக்கு அலையணும்” என்று சாட்சிகளே ஒதுங்கிவிடுவார்கள். இரண்டும் வேறு. தமிழ்நாட்டிலிருந்து போன என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு இதற்கு நல்ல சான்று. இருட்டிய பிறகு தாழ்வாகத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பஸ் மோதி 26 பேர் பாதிக்கப்பட்டார்கள்; எட்டுப் பேர் அங்கேயே செத்தார்கள். கிரிமினல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார். அதைக் காட்டி இழப்பீடு தர மறுத்தார் பஸ் முதலாளி. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. சிறைக்கு அனுப்பத் தேவையான நிரூபணம் வேறு, இழப்பீட்டுக்குப் போதுமான நிரூபணம் வேறு என்றார். அதே கிருஷ்ணய்யர்தான் 1979இல் ஒரு லாரி ஓட்டுநரின் இரண்டு ஆண்டுத் தண்டனையைக் குறைக்க மறுத்துவிட்டு, சிறையில் அவருக்கு ஓட்டுநர் பயிற்சியும் பொறுப்புணர்வும் கற்பிக்க வேண்டும் என்றவர். இறந்தவரின் குடும்பத்தை நம் குற்றவியல் சட்டம் மறந்துவிடுகிறது என்றும் வருந்தியவர்.

புதிய சட்டம் இதையெல்லாம் சரிசெய்துவிட்டதா? இரண்டு நல்லது நடந்திருக்கிறது. முன்பு வெறும் அபராதத்தோடு முடிக்க 304ஏவில் வழி இருந்தது. 106(1)இல் சிறையும் அபராதமும் சேர்ந்தே வருகின்றன. இன்னொன்று அதிகம் பேசப்படாதது. இரண்டு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்கள் சம்மன் வழக்குகள்; அதில் தண்டனை குறித்துக் குற்றவாளியைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஐந்து ஆண்டானதும் இது வாரண்ட் வழக்காகிறது. தண்டனைக்கு முன் கேட்டே ஆக வேண்டும். ஏன் கூட்ட வேண்டும், ஏன் குறைக்க வேண்டும் என்று பேச ஒரு கட்டம் கிடைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் அரசு வழக்கறிஞர்கள் வாய் திறக்க வேண்டும்.

ஆனால் இரண்டு ஓட்டைகள். முதலாவது, 106(1) வழக்கை விசாரிப்பவர் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர். அவரால் மூன்று ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. அதற்கு மேல் தேவை என்று கருதினால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். ஆக, சட்டத்தில் ஐந்து. விசாரிக்கிறவர் கையில் மூன்று. இரண்டாவதுதான் என்னை உறுத்துவது. தடயவியல் நிபுணர்கள் சம்பவ இடத்துக்கு நேரில் வந்தே ஆக வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) சொல்கிறது. எதற்கு? ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றங்களுக்கு. கவனக்குறைவு மரணம் ஐந்து ஆண்டில் நின்றுவிட்டது. எனவே பெரும்பாலான சாவுகளில், அந்த இடத்துக்கு வருவது ஒரு சப் இன்ஸ்பெக்டர், டேப் பிடிக்க ஒரு காவலர், பார்வை மகஜர், பேனாவில் போட்ட மாதிரி வரைபடம், அப்புறம் மோட்டார் வாகன ஆய்வாளரின் ‘இயந்திரக் கோளாறு இல்லை’ என்ற சான்று. பிரேக் தேய்த்த தடம் மழையில் கழுவப்படும். போக்குவரத்தைச் சரிசெய்ய வண்டிகளை ஓரம் தள்ளுவார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்கு மணி குறையும். ‘தெரிந்தே ஓட்டினார்’ என்பதைக் காட்டக்கூடிய தடயம் எதுவோ அதைத்தான் கட்டாயமாக யாரும் சேகரிப்பதில்லை. சேகரிக்காததால் வழக்கு கீழ்படியிலேயே நிற்கிறது. கீழ்படியில் நிற்பதால் சேகரிக்கத் தேவையில்லை என்றாகிறது.

மோதிவிட்டு ஓடிப்போகிறவர்களுக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்று 106(2) எழுதப்பட்டது. 2024 ஜனவரியில் நாடு முழுவதும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பது அவர்கள் பயம். அதைப் பொய் என்று தள்ள முடியாது. மற்ற பிரிவுகள் ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது இந்த ஒன்றை மட்டும் அரசு நிறுத்திவைத்தது.

சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. 176(3)இன் வரம்புக்குள் சாலை மரணங்களைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது நம் வேலை. அதுவரை உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அடிபட்டவரைத் தூக்குபவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ காப்பாற்றுகிறது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவசியமில்லை என்றாலும் பெயரைச் சொல்லுங்கள். வண்டிகளை நகர்த்தும் முன் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். எதிரே இருக்கும் கடையின் கேமராப் பதிவு அழிவதற்குள் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். காவலர் எழுதும்போது ‘வேகமா வந்துச்சு’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கம் வந்தது, சிக்னல் என்ன நிறத்தில் இருந்தது, ஹாரன் அடித்தாரா, பிரேக் சத்தம் கேட்டதா, இறங்கினாரா, ஓடினாரா, வாயில் வாசனை வந்ததா என்று கண்டதைக் கண்டபடி சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.